கடலூரும் புதுச்சேரியும் ஏன் இத்தனை வேறாக வளர்ந்தன?

கேள்வி இதுதான்: “ஒரு வட்டாரத்தை உருவாக்குவது அதன் புவியியலா, பொருளாதார வளர்ச்சியா, பண்பாடா? கடலூர், புதுச்சேரிப் பகுதியை வைத்து விளக்க முடியுமா?”

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், மூன்றும் சேர்ந்துதான் என்பது. தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த ஊரைப் பற்றியும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் கேட்ட பகுதி உண்மையில் ஒரு நல்ல சோதனைக் களம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 22 கிலோமீட்டர்தான். ஒரே வங்கக் கடல், ஒரே வடகிழக்குப் பருவமழை, ஒரே செம்மண் மேடு, ஒரே தமிழ். பெண் கொடுத்து பெண் எடுக்கும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. புவியியல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால் இரண்டு ஊரும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிட்டாலும் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு வித்தியாசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் நிலம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பைத்தான் கொடுத்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது எல்லைக்கோடு: அதை யார் போட்டார்கள், அதற்கு உள்ளே யார் வரி வாங்கினார்கள் என்பது. பண்பாடு அந்தக் கோட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. தண்ணீரும் மணலும் சுத்தமாக மதிக்கவில்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கடலூரில் கேப்பர் மலை என்று ஒன்று இருக்கிறது. மலை என்று பேர்தான், செம்மண் மேடு. புதுச்சேரியில் கோரிமேடு, அதற்கு வடமேற்கே ஆரோவில் இருக்கும் மேடு எல்லாம் அதே வகைதான். நிலவியலாளர்கள் இந்தப் படிவத்துக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடைப்பதும் இந்தப் படிவத்தில்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் இதே படிவத்துக்குள்தான். தண்ணீரைச் சட்டென்று உள்ளே விட்டுவிடும் மண் இது. நெல்லுக்கு ஆகாது, முந்திரிக்கும் பலாவுக்கும் வாகானது. இந்த மேட்டை விட்டு இறங்கினால் ஆற்று வண்டல், அதைத் தாண்டினால் கடலோர மணல். மூன்று மண்ணுக்கு மூன்று விதமான பிழைப்பு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல், பண்ருட்டிப் பக்கம் தோப்பு, கரையோரம் வலை.

அடுத்தது ஆறு. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று எல்லாம் கடலூர் மாவட்டத்தின் வழியாகத்தான் கடலில் கலக்கின்றன. கடைமடை என்பதன் கஷ்டம் டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். கோடையில் மேலே இருக்கிறவர்கள் விட்டால்தான் தண்ணீர். மழைக்காலத்தில் மேலே இருக்கிறவர்கள் விடாவிட்டால்தான் நிம்மதி. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் ஏரிகள். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் வெட்டிய வீராணம் இன்றும் பாசனத்துக்கு உதவுகிறது. 2004 முதல் சுமார் 230 கிலோமீட்டர் குழாய் வழியாகச் சென்னைக்கும் அதன் தண்ணீர் போகிறது. அதற்கு முன்பு ஒரு முறை திட்டம் போட்டு, குழாய்களைக் கொண்டுவந்து சாலையோரம் இறக்கி, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பெரிய குழாய்களுக்குள் ஆட்கள் குடியிருந்ததை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். இங்கேதான் புவியியல் பாடப்புத்தகம் கொஞ்சம் தடுமாறுகிறது. பெரிய துறைமுக நகரம் உருவாக இயற்கைத் துறைமுகம் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. நேரான மணல் கரை, ஓயாத அலை. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போடும். சரக்கைச் சலங்குப் படகில் ஏற்றி அலையைக் கடந்து கொண்டு போக வேண்டும். ஆனாலும் இந்தக் கரைக்கு ஆட்கள் இரண்டாயிரம் வருடமாக வந்துகொண்டே இருந்தார்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன. கப்பல்களை இழுத்தது துறைமுகத்தின் ஆழம் இல்லை, உள்நாட்டில் இருந்த கைகள். நெசவும், சாயம் தோய்ப்பதும், மணி செய்வதும் தெரிந்த ஊர்கள் ஆற்றங்கரையோரம் இருந்தன. பிற்காலத்தில் ஐரோப்பியர்கள் வந்ததும் அதே துணிக்காகத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் தலைமையில் புதுச்சேரியில் காலூன்றினார்கள். ஆங்கிலேயக் கம்பெனி 1690-ல் செஞ்சி மராத்தியர்களிடம் இருந்து, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. பத்திரத்தில் எல்லை எப்படி எழுதப்பட்டது தெரியுமா? கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனி நிலம். கம்பெனிக்காரர்கள் இதற்காகவே நல்ல பீரங்கியையும் சுடத் தெரிந்த ஆளையும் சென்னையில் இருந்து வரவழைத்தார்கள். நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். ஆறு எங்கே ஓடுகிறது, ஏரிப் பாசனம் யாருக்கு என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதும், 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். கடலூர் ஒரு காலத்தில் சென்னைக்கு மேலே இருந்த ஊர் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். பதிலுக்கு ஆங்கிலேயர்கள் 1761-ல் புதுச்சேரியைத் தரைமட்டம் ஆக்கினார்கள். வித்தியாசம் என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து ஊரைக் கட்டினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தக் கரையில் அதைவிட்டால் பெரிதாக வேறு இடம் இல்லை. ஆங்கிலேயர்களுக்குச் சென்னை இருந்தது. தேவனாம்பட்டினத்தில் இன்று போய்ப் பார்த்தால் கோட்டை இருந்தது என்று சொல்லச் சில சிதைவுகள்தான். ஒரு பேரரசுக்குக் கடலூர் ஐம்பதோடு ஐம்பத்தொன்று. இன்னொரு பேரரசுக்குப் புதுச்சேரி தலைநகரம். இரண்டு ஊரின் பாதையும் பிரிந்த இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த நிலமும் ஒரே துண்டாக இல்லை. பல காலத்தில் பலரிடம் வாங்கிய கிராமங்கள். அதனால்தான் இன்றும் நெட்டப்பாக்கம், மடுகரைப் பக்கம் பைக்கில் போனால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று போர்டு மாறிக்கொண்டே வரும். ஒரு பக்கம் ஊராட்சி ஒன்றியம், நாலு வயல் தாண்டினால் கொம்யூன் பஞ்சாயத்து.

அந்த எல்லைக்கோட்டை வைத்து வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு வேர்க்கடலை நல்ல உதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலை தேவைப்பட்டது. கடலை விளைந்தது தென்னார்க்காட்டுச் செம்மண்ணில், அதாவது ஆங்கிலேயர் நிலத்தில். ஏற்றுமதி ஆனது புதுச்சேரியில் இருந்து. 1879-ல் விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலூர் மெயின் லைனில் இருக்கிறது. புதுச்சேரி ஒரு கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன். இன்றைக்கும் கடலூரில் இருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் போய்ச் சுற்ற வேண்டும். ரயில் வந்தால் ஊர் வளரும் என்ற பொது விதிக்கு இங்கே இந்த அளவுக்குத்தான் மதிப்பு.

துணி விஷயத்தில் புதுச்சேரி இன்னும் ஒரு படி முன்னே போனது. இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. சாயம் பிடிக்கப் புதுச்சேரித் தண்ணீர் விசேஷம் என்று அந்தக் காலத்து வியாபாரிகள் நம்பினார்கள். அந்த நீலத் துணியில் இருந்து பஞ்சாலைகள் வந்தன. ஆலைகள் வந்ததால் தொழிற்சங்கம் வந்தது. 1936 ஜூலை 30-ல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஊரை நீண்ட காலம் சோறு போட்டு வளர்த்தது ஆலைச் சங்கு. அங்கே இருந்த ஏ.எஃப்.டி. பஞ்சாலையும் 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். இதற்குப் பிறகு நியாயமாகக் கோடு அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை, யூனியன் பிரதேசம் ஆனது. மத்திய அரசின் நிதி, குறைந்த விற்பனை வரி, தொழிற்சாலைகளுக்குச் சலுகை எல்லாம் சேர்ந்து மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகள் வந்தன. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சலுகையின் பெரும்பகுதி போய்விட்டது. ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றவை முக்கியமாக இரண்டு: பெட்ரோலும் மதுவும். கடலூரில் இருந்து போகிறவர்கள் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டியதும் என்ன பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் பங்க், அப்புறம் சாராயக்கடை, மறுபடி பெட்ரோல் பங்க். இதைப் புதுச்சேரிப் பண்பாடு என்று கேலி பேசுகிறவர்கள் நிறைய. இது பண்பாடே இல்லை, வரி விகிதம்.

கடலூருக்கு என்ன கிடைத்தது? தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் என்ற அந்தஸ்து. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, அதைச் சுற்றி வக்கீல் குமாஸ்தாக்கள். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனதும் அதிலும் பாதி போயிற்று. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பிரதேசத்தில் நூற்றுக்கு 68 பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் 34 பேர். எழுத்தறிவு அங்கே 86 விழுக்காட்டை ஒட்டி, இங்கே 78. கடலூரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் இன்றும் முதலில் வருகிற பேச்சு, “ஜிப்மருக்குக் கொண்டு போயிடலாமா?” என்பதுதான். புதுச்சேரியில் இருக்கும் அந்த மருத்துவமனைக்குப் பின்னே 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வரலாறு இருக்கிறது.

கடலூருக்குக் கிடைத்த இன்னொன்று சிப்காட், அதாவது தமிழ்நாடு அரசின் தொழிற்பேட்டை. 1980-களில் ஓ.டி. என்று சொல்லும் கடலூர் பழைய நகருக்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. இடம் ஏன் தேர்வானது என்பதற்கு விளக்கம் எளிது: பக்கத்தில் ஆறும் கடலும், ரயிலும் நெடுஞ்சாலையும், விலை குறைந்த நிலம். அதே காரணங்களே அந்த ஊர்களுக்கு வினையாகவும் ஆயின. ஆற்று முகத்துவாரம் என்பது இறால் குஞ்சும் மடவையும் வளரும் இடம். குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் ராத்திரியில் வருகிற நாற்றத்தைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் புகார் சொல்லி ஓய்ந்ததே இல்லை. வேலை வந்ததா என்றால் வந்தது. ஆனால் நல்ல சம்பள வேலைக்கு வெளியூர்ப் படிப்பும், ஒப்பந்த வேலைக்கு உள்ளூர் ஆளும் என்று ஆனது. இதை வளர்ச்சி என்று ஒரு நெடுவரிசையில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போக என்னால் முடியவில்லை.

இந்த வட்டாரத்தில் நிலமே நேரடியாக ஒரு நகரத்தைப் பெற்றெடுத்தது என்றால் அது நெய்வேலிதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போடும்போது கறுப்பாக ஏதோ வருவதைக் கவனித்தார். 1956-ல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முதல் அனல் மின் நிலையத்துக்கு சோவியத் உதவி. வட்டம் வட்டமாகப் பிரித்த டவுன்ஷிப், அகலமான சாலை, மரநிழல், பள்ளிகள், ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சி. பக்கத்துக் கிராமத்தில் இருந்து அந்த கேட்டுக்குள் நுழைந்தால் வேறு ஊருக்கு வந்தது போலவே இருக்கும்.

நெய்வேலியில் நிலக்கரியை எடுப்பதைவிடக் கஷ்டமான வேலை தண்ணீரைச் சமாளிப்பது. கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணையும் கரியையும் அகற்றினால் கீழே இருக்கும் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் ஏறிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்கிறதை நிறுத்தினால் சுரங்கம் இல்லை. அப்படி வெளியே வரும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சில கிராமங்களுக்குப் பாசனம் ஆகிறது. இன்னொரு பக்கம், முன்பு தானாகப் பீறிட்ட ஊற்றுக் கிணறுகள் வற்றி, போரை ஆழமாக்கிக்கொண்டே போகிறோம் என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்கிறார்கள். ஒரே பம்பு ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்து இன்னொருவரிடம் இருந்து எடுக்கிறது.

நிலம் கொடுத்தவர்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் இடையே உள்ள தூரம் மூன்று தலைமுறையாகக் குறையவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக, நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள், “காசு வாங்கிக்கொண்ட நிலம்தானே” என்றார்கள். கணக்குப்படி சரியாக இருக்கலாம். கதிர் வரப்போகும் பயிரின் மேல் வண்டி ஏறுவதை ஒரு விவசாயக் குடும்பம் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாது. பொருளாதாரமும் பண்பாடும் மோதும் இடம் எது என்று உங்கள் ஆசிரியர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பண்ருட்டி கதை வேறு மாதிரி. முந்திரி இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்லை, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. நெல் வராத செம்மண்ணில் அது நன்றாக வந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் காலை வேளையில் போனால் வீட்டு வாசல்களில் பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைப்பதைப் பார்க்கலாம். ஓட்டில் இருக்கும் பால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். சாம்பலைக் கையில் பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் இருக்கும். முழுப் பருப்பு ஒரு விலை, உடைந்தது ஒரு விலை. ஆகவே அடி அளவாக விழ வேண்டும், ஓடு பிளக்க வேண்டும், உள்ளே பருப்பு முழுசாக வர வேண்டும். இந்தக் கைப்பழக்கம் வீட்டில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வது. உள்ளூர்க் கொட்டை போதாமல் இப்போது ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வருகிறது. அதாவது இங்கே இன்று உயர்ந்து நிற்கும் வளம் மண்ணைவிட அந்தக் கைதான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்திரி, பலா, தென்னை என்று தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. நெல் போனால் அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். முந்திரி மறுபடி காய்க்கச் சில வருடம் ஆகும். பலா அதைவிட அதிகம். நிறைய வீடுகளில் மகள் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் நம்பி வைத்திருந்த சேமிப்பு அந்த மரங்கள்தான். அந்த வருடத்துக்குப் பிறகு ஊரை விட்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு, சவுக்குக்கும் வேறு பயிருக்கும் மாறியவர்கள் உண்டு.

பண்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பண்பாடு என்று சொல்லப்படுவதில் பாதி சுற்றுலாவுக்காகப் பூசியது. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்து, சென்னைக்காரர்கள் சனி ஞாயிறு வரத் தொடங்கிய பிறகு அந்தப் பூச்சு இன்னும் கனமாயிற்று. உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள். தாத்தா சைகோனில் வேலை பார்த்தார், பேரன் பாரிசில் இருக்கிறான், பாட்டி குயவர்பாளையத்தில் முருங்கைக்கீரை ஆய்கிறாள். கடலூரில் அதே சாதி, அதே படிப்பு உள்ள குடும்பம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்கும். கோடு மாறினால் கப்பல் போகும் திசையும் மாறும்.

ஆனால் மாசி மகத்தன்று எந்தக் கோடும் கிடையாது. வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றியுள்ள தமிழ்நாட்டு ஊர்களின் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வருகின்றன. தேவனாம்பட்டினத்திலும் அப்படியே கூட்டம். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்து பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு வரும்போது, வழியில் தர்காவில் இஸ்லாமியர்கள் மாலை மரியாதை செய்வது பழைய வழக்கம். உள்நாட்டு விவசாயியும் கரையோர மீனவரும் ஆண்டு முழுக்க ஒருவரை ஒருவர் சந்தையில்தான் பார்ப்பார்கள். அன்று மட்டும் விவசாயியின் சாமி மீனவர் ஊருக்கு விருந்தாளியாக வருகிறது. வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியதும் இந்த மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மழை தவறினால் பட்டினி என்ற நிலையில் இருந்த ஊர்களுக்கு நடுவே, வருகிறவர்களுக்குச் சோறு என்பதே வழிபாடு ஆனது. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

இனி நிலம் திருப்பிக் கேட்ட இடங்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஊர்க் கடற்கரை கரைந்துபோனது. சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து படம் எடுக்கும் கருங்கற்கள் அழகுக்குப் போட்டவை இல்லை, ஊர் கடலுக்குள் போகாமல் இருக்கக் கொட்டியவை. ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குத் தள்ளிப் போகும். அப்படியே சோலை நகர் தாண்டி, எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. ஒவ்வொரு ஊரும் தனக்கு ஒரு தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்டது. இந்தக் கணக்கில் பலன் ஒரு அரசுக்கு, இழப்பு இன்னொரு அரசின் மீனவருக்கு. பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

பிச்சாவரம் இதற்கு எதிர்ப்பக்க உதாரணம். அங்கே ஒரு காலத்தில் மரத்தை ஒட்ட வெட்டியதால் தரை தாழ்ந்து, உப்புத் தேங்கி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. 1990-களில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து, சதுப்பு மரங்களை மீட்டார்கள். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடலை ஒட்டித் திறந்த மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டுக்கு விழுந்த அடியும், காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை தப்பித்ததும் ஒரே அலையில் நடந்தவை.

வெள்ளத்துக்கும் இதே கதைதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதோடு முடியவில்லை. அடுத்த ஓரிரு நாளில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டு கடலூரில் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஆற்றுப் படுகையிலும் வடிகால் ஓரத்திலும் மனை போட்டு விற்றது வளர்ச்சிக் கணக்கில் வரவாகத்தான் இருந்தது. அதே தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் புதுச்சேரியின் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரி ஒரு நிர்வாகத்தில், அதன் தலைமதகு இன்னொரு நிர்வாகத்தில். வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பு யாருக்கு என்று இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொள்வார்கள்.

இதைப் ப்ராஜெக்டாக எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. மூன்று தலைப்புப் போட்டு மூன்று அத்தியாயம் எழுதாதீர்கள். வழவழவென்று வரும், ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக் கொட்டை, நீலத் துணி, பங்காரு வாய்க்கால் என்று எதுவானாலும் சரி. அது எங்கே பிறக்கிறது, எந்தெந்த எல்லையைக் கடக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் யார் கையில் காசு நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டே போங்கள். வாய்க்காலை எடுத்தால் மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சொர்ணாவூரில் இருந்து பாகூர் வரை நடந்துவிடுங்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த வருடம் எந்த மதகு உடைந்தது, யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.